தேசியப் பூங்காவுக்குள் நாளொன்றுக்கு இத்தனை ஜீப் என்று வரம்பு வேண்டுமா?

வெள்ளவத்தைவாசி:

சென்ற பாடசாலை விடுமுறையில் பிள்ளைகளோடு தெற்கே ஒரு தேசியப் பூங்காவுக்குப் போனோம். இரவு பதினொரு மணிக்கு வெள்ளவத்தையிலிருந்து புறப்பட்டு, விடியும் முன்பே வாசலுக்குப் போய்விட்டோம். அங்கே எங்களுக்கு முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஜீப்புகளின் சிவப்பு விளக்குகள்.

ஏழரை மணியளவில் சாரதியின் கைபேசி ஒலித்தது. அவர் எங்களிடம் ஒன்றும் சொல்லாமல் வண்டியைத் திருப்பிய வேகத்தில் என் மகள் முன்கம்பியில் நெற்றியை இடித்துக்கொண்டாள். போய்ச் சேர்ந்த இடத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட வண்டிகள் முட்டி மோதி நின்றன. பாலை மரக்கிளையில் ஒரு சிறுத்தை. அது இறங்கவேண்டிய அடிமரத்தை ஒட்டி ஒரு ஜீப். சிறுத்தை இரண்டடி கீழே வரும், தலையை நீட்டிப் பார்க்கும், மறுபடி மேலே ஏறிவிடும். இருபது நிமிடம் இதுவே நடந்தது. "அப்பா, அதுக்குத் தண்ணி குடிக்கப் போக வேண்டாமா?" என்று மகள் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. நானும் பணம் கொடுத்து அந்த வரிசையில் நின்றவன்தானே.

இது ஒரு பூங்காவின் கதை மட்டுமல்ல. தென்கிழக்கிலுள்ள யால தேசியப் பூங்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பரப்பு ஏறத்தாழ 979 சதுர கிலோமீற்றர். அதில் முதலாம் வலயம் 141 தான். நெரிசல் எல்லாம் அங்கேதான். காலைக்கு இத்தனை வண்டி, மாலைக்கு இத்தனை வண்டி என்று எண்ணை முடிவுசெய்து, அதற்கு மேல் ஒரு சீட்டும் கொடுக்கக்கூடாது என்பது என் கருத்து. உங்கள் எண்ணங்களை எழுதுங்கள்.

கொட்டாஞ்சேனைப் பயணி:

ஐயா, உங்கள் மகளுக்கு நேர்ந்ததற்கு வருந்துகிறேன். ஆனால் வரம்பை நான் எதிர்க்கிறேன். பன்னிரண்டு வருடமாகக் குடும்பங்களுக்குச் சுற்றுலா ஒழுங்குசெய்து கொடுக்கிறேன். யாலவுக்குப் பக்கத்து ஊரான திஸ்ஸமகாராமையில் எனக்குத் தெரிந்த சாரதிகள் பலர் ஒரே ஒரு ஜீப்பை லீசிங்கில் எடுத்து ஓட்டுகிறவர்கள். வரம்பு வந்தால் அடிபடுவது அவர்கள்தான். பெரிய ஹோட்டல்கள் மாதக்கணக்கில் முன்கூட்டியே சீட்டுகளை மொத்தமாக எடுத்துவிடும். மிச்சமிருப்பது வாசலில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு விலைக்குக் கைமாறும். பிறகு வெள்ளவத்தைக் குடும்பம் எப்படிப் போகும்? மஸ்கெலியாவிலிருந்து வருகிற தோட்டத் தொழிலாளியின் பிள்ளை எப்படிப் போகும்?

கூட்டத்தைப் பரப்பினாலே போதும். கல்கே வாசல் வழியாக யாலவின் ஐந்தாம் வலயத்துக்குப் போகலாம். லுணுகம்வெஹெர பூங்கா இருக்கிறது. குமண பூங்கா இருக்கிறது. அங்கெல்லாம் அரை நாள் சுற்றினாலும் எதிரே நாலு வண்டிகூட வராத நாட்கள் உண்டு.

நீர்க்காகம்:

அண்ணா, அந்த நாலு வண்டிகூட வராத இடங்கள்தான் விலங்குகளுக்கு இன்று மிஞ்சியிருக்கும் அமைதி. நெரிசலைத் தூக்கி அங்கே கொண்டுபோய் வைப்பதைத் தீர்வு என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

சட்டம் என்ன நினைத்து எழுதப்பட்டது என்பதையும் பார்ப்போம். 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் காட்டைப் படிப்படியாகப் பிரிக்கிறது. கடும் இயற்கை ஒதுக்ககத்துக்குள் ஆராய்ச்சிக்குத் தவிர எவரும் போக முடியாது. தேசியப் பூங்காவுக்குள் அனுமதிப்பத்திரத்தோடு போய் விலங்குகளைப் பார்க்கலாம். சரணாலயத்துக்குள் போக அனுமதியே தேவையில்லை, அதற்குள் தனியார் காணிகளும் இருக்கலாம். ஆக, அனுமதிப்பத்திரம் என்பதே "இதற்குமேல் வேண்டாம்" என்று சொல்வதற்காக வந்த கருவி. இன்று அது வெறும் பணம் வாங்கும் சீட்டாகிவிட்டது.

உள்ளே போக அனுமதிப்பத்திரமே தேவையில்லாத இடத்தின் கதியைப் பார்க்க யால வரை போகவேண்டாம். தெஹிவளைக்குப் பின்னால் பெல்லன்வில-அத்திடிய சதுப்பு நிலம் இருக்கிறது. 1990 இல் சரணாலயமாக்கப்பட்டது. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பறவை பார்க்கப் போவேன். போன வாரம் நான் வழக்கமாக நிற்கும் கரையில் கட்டட இடிபாடுகளைக் கொட்டி நிரப்பியிருந்தார்கள். உடைந்த மாபிள் துண்டொன்றின் மேல் ஒரு கானாங்கோழி ஏறி நின்று, தன் பழைய இடத்தைத் தேடுவதுபோல அங்குமிங்கும் பார்த்தது. 2018 இல் கொழும்பு, ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றபோது எவ்வளவு மகிழ்ந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். அந்த மகிழ்ச்சியோடு இதையும் பார்க்கவேண்டியிருக்கிறது.

கொட்டாஞ்சேனைப் பயணி:

தம்பி, சதுப்பு நிலத்தில் கல் கொட்டுகிறவன் சுற்றுலாப் பயணி அல்லன். எல்லாக் குற்றத்தையும் பார்க்க வருகிறவர் தலையில் ஏற்றாதீர்கள். மின்னேரியா தேசியப் பூங்காவில் ஓகஸ்ட், செப்டெம்பரில் குளம் வற்றி, கரையில் துளிர்க்கும் புல்லுக்காக நூற்றுக்கணக்கில் யானைகள் கூடும். வறட்சிக் காலத்திலும் குளத்தில் நீர் இறங்காமல் புல் மூழ்கிக் கிடந்த ஆண்டுகள் உண்டு. அது ஜீப்பின் குற்றமா? நீரை யார் எப்போது திறப்பது என்ற முடிவு அது.

இன்னொன்றையும் நேராகக் கேட்கிறேன். ஆடிமாதக் கொடியேற்றத்தை ஒட்டி உகந்தையில் காட்டுப்பாதையைத் திறக்கிறார்கள். பல்லாயிரம் பேர் குமணவுக்குள்ளும் யாலவுக்குள்ளும் கதிர்காமத்துக்கு நடக்கிறார்கள். இரவில் அங்கேயே தங்குகிறார்கள், அடுப்பு மூட்டுகிறார்கள். ஜீப்பில் போகிறவன் வண்டியிலிருந்து காலைக் கீழே வைத்தாலே குற்றம். அவர்களுக்கும் எண் வைப்பீர்களா?

வெள்ளவத்தைவாசி:

நியாயமான கேள்வி. எனக்கு உடனே பதில் தெரியவில்லை. நடந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

வேலாயி:

நான் மூன்று முறை நடந்திருக்கிறேன். இப்போது தெஹிவளையில் இருக்கிறேன், ஊர் திருக்கோவில்.

முதலில் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் யாத்திரையை உல்லாசப் பயணத்தோடு ஒரே தராசில் வைக்காதீர்கள். அந்தப் பாதை பூங்காவுக்கு முந்தியது. யாலவைத் தேசியப் பூங்காவாக்கியது 1938 இல். அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே எங்கள் ஆட்கள் கூமுனை (குமண) வழியே நடந்திருக்கிறார்கள். அனுமதி என்ற சொல்லும் எங்களுக்குப் புதிதல்ல. 1870களில் வாந்திபேதியைக் காரணம் காட்டி வெள்ளைக்காரர் கதிர்காம யாத்திரையைக் கட்டுப்படுத்தினார்கள். கொழும்பு ஆடிவேல் விழா தொடங்கியதற்கே அதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். இங்கே பம்பலப்பிட்டியில் வேல் இழுக்கும்போது என் மாமியார் ஒவ்வொரு வருடமும் அதைச் சொல்லிக் கண் கலங்குவார். ஆகவே எண் வைப்போம் என்று யாராவது சொன்னால் எங்களுக்கு நெஞ்சு பதறும். காரணம் இதுதான்.

அதற்காக நான் கண்டதை மறைக்கமாட்டேன். முதல் தடவை போனபோது வழியில் நாவலடி என்ற இடத்தில் தண்ணீர் இல்லை. கூட வந்த பெரியவர் ஒருவர் சிரட்டையால் மணலைத் தோண்டி ஊற்று எடுத்தார். முழங்கை ஆழத்தில் கலங்கலாக ஊறிற்று. அது தெளியும்வரை காத்திருந்து, சேலைத் தலைப்பால் வடித்துக் குடித்தோம். புறப்படும்போது குழியை மூடாதே, மான் வந்து குடிக்கும் என்றார் அவர். மூன்றாம் தடவை போனபோது தண்ணீர்த் தாங்கிகள் வைத்திருந்தார்கள், இடைவழியில் அன்னதானமும் கிடைத்தது. புண்ணியமான காரியம்தான். ஆனால் வழியில் வியாழை என்ற இடத்தில் நாங்கள் படுத்த இடத்தைச் சுற்றிலும் பிளாஸ்டிக் போத்தல்களும் சோற்றுத் தாள்களும் கிடந்தன. விடியற்காலையில் பக்கத்தில் ஒரு யானை இலத்தி பார்த்தேன், இன்னும் ஈரமாக இருந்தது. அதற்குள் நீலநிறப் பொலித்தீன் நாடா ஒன்று முறுகிக் கிடந்தது. எங்கே தின்றதோ, யார் போட்டதோ தெரியாது. அன்று முழுவதும் அரோகரா சொல்லவே எனக்கு நா எழவில்லை.

கொட்டாஞ்சேனைப் பயணி:

அக்கா, நீங்கள் இவ்வளவு மனம் திறந்து எழுதியதற்கு நன்றி. ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. எண் வேண்டுமா, வேண்டாமா?

வேலாயி:

எண் வேண்டாம். பொருளுக்குத் தடை வேண்டும். ஹோர்ட்டன் சமவெளியின் வாசலில் பையைத் திறந்து பார்த்து, பொலித்தீனை எடுத்துவிட்டு, தண்ணீர்ப் போத்தலின் சுற்றுத்தாளையும் உரித்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். அதையே உகந்தையிலும் செய்யட்டும். ஆளுக்கு ஒரு தகரப் போத்தலும் ஒரு சாக்குப் பையும் போதும். அன்னதானம் கொடுப்பவர்களும் இலையில் கொடுக்கட்டும். எங்கள் சங்கத்தில் இதைச் சொன்னேன், சிலர் கோபித்தார்கள். இந்த வருடமும் சொல்வேன்.

நீர்க்காகம்:

அக்கா சொல்வது ஜீப்புக்குப் பொருந்தாது. நடப்பவர் வருடத்தில் சில நாட்கள்தான் வருகிறார், ஜீப் அன்றாடம் வருகிறது. முதலாம் வலயத்தை வறட்சிக்காக வழக்கமாக மூடும் செப்டெம்பர், ஒக்டோபர் வாரங்கள் போக, அந்தக் காட்டுக்கு ஓய்வே கிடையாது. நம் நாட்டில் சிங்கமும் இல்லை, புலியும் இல்லை. சிறுத்தைதான் காட்டின் உச்ச வேட்டை விலங்கு. அதனால்தான் அது பகலிலும் வெளிப்படையாக நடமாடுகிறது, அதனால்தான் நாமும் ஓடுகிறோம். அந்தத் துணிச்சலைக் குலைத்துவிட்டால், பயணி அண்ணா, உங்கள் தொழிலுக்கும் பிறகு காட்டுவதற்கு எதுவும் இராது.

வெள்ளவத்தைவாசி:

இரண்டு நாளாக யோசித்தேன். சீட்டை வண்டிக்குக் கொடுக்காமல், போகிறவரின் பெயருக்கும் அடையாள அட்டை இலக்கத்துக்கும் கொடுத்தால் கைமாற்ற முடியாது. போக முடியாதவர் திருப்பிக் கொடுத்தால் அடுத்தவருக்குப் போகட்டும். வண்டியைச் சாரதிகளின் சங்கமே முறைவைத்து ஒதுக்கட்டும். விலங்கருகே ஒரே நேரத்தில் ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக்கூடாது. பயணி தம்பி, இப்படி என்றால் வரம்பை ஏற்பீர்களா?

கொட்டாஞ்சேனைப் பயணி:

பெயருக்குச் சீட்டு என்றால் ஏற்கிறேன். முறைவைத்து ஒதுக்குவதையும் ஏற்கிறேன், ஒரு ஜீப் வைத்திருப்பவனுக்கும் பத்து ஜீப் வைத்திருப்பவனுக்கும் ஒரே முறை என்று எழுத்தில் இருக்கவேண்டும். ஐந்து வண்டி என்பதை ஏற்கமாட்டேன். ஆறாவது வண்டியில் வருகிறவனும் அதே பணத்தைத்தான் கட்டினான்.

நீர்க்காகம்:

ஆறாவது வண்டி சற்றுத் தள்ளிக் காத்திருக்கட்டும், முதல் வண்டி பத்து நிமிடத்தில் நகரட்டும். அண்ணா, அடுத்த மாதம் உங்கள் வண்டி போகும்போது இதை ஒருமுறை செய்து பார்த்துவிட்டு இங்கே வந்து எழுதுங்கள்.

கொட்டாஞ்சேனைப் பயணி:

எழுதுகிறேன். நத்தார் விடுமுறைக்கு இரண்டு குடும்பங்கள் பதிந்திருக்கிறார்கள், சாரதியிடம் இன்றே பேசுகிறேன்.