பாகங்களை மாற்றிய பின்னும் சீறும் பழைய மார்க் 5 ரெகுலேட்டர்: எங்கே தவறினேன்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். மறைந்த என் பெரியப்பா பயன்படுத்திய ஸ்கியூபா முழுக்கு ரெகுலேட்டர் (உருளைக் காற்றைச் சுவாசிக்கும் அழுத்தத்துக்குக் குறைக்கும் கருவி) இப்போது என்னிடம் உள்ளது: உருளையில் பொருத்தும் ஸ்கியூபாபுரோ மார்க் 5 முதல் நிலையும், வாயில் வைக்கும் 109 இரண்டாம் நிலையும். இருபது ஆண்டுகளுக்கு மேல் பெட்டிக்குள் கிடந்தவை. பச்சைக் களிம்பு ஏறியிருந்த பித்தளைப் பாகங்களை, வினிகரும் வெதுவெதுப்பான நீரும் சம அளவில் கலந்த கரைசலில் சில நிமிடங்கள் ஊறவைத்து, மென்மையான தூரிகையால் தேய்த்து, நன்னீரில் அலசி உலர்த்தினேன். ஓ-ரிங்குகள் (காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையங்கள்), இரு நிலைகளின் சீட்டுகள் (வால்வு மூடும்போது காற்றை அடைக்கும் மென்மையான அடைப்புகள்), டயஃபிரம் (மூச்சிழுக்கும்போது வளையும் சவ்வு), வெளிமூச்சு வால்வு ஆகிய அனைத்தையும் மாற்றினேன்.

உருளையைத் திறந்ததும் இடைநிலை அழுத்தம் (முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்குச் செல்லும் காற்றின் அழுத்தம்) 135 பி.எஸ்.ஐ. காட்டுகிறது. ஆனால் ஐந்து நிமிடங்களில் அது மெல்ல 160 வரை ஏறுகிறது. அதன்பின் வாய்ப்பகுதியில் சீறல் தொடங்குகிறது. இரண்டாம் நிலையின் ஆரிஃபிஸை (காற்று உள்ளே வரும் துளைமுனையை) சற்று உள்நோக்கித் திருகியபோது சீறல் நின்றது, மூச்சிழுப்பதோ கடினமாகிவிட்டது. மறுநாள் சீறலும் திரும்பிவிட்டது. இரண்டாம் நிலையில் நான் எதைக் கவனிக்கத் தவறினேன்? மேலும், 109ஐச் சமநிலைப்படுத்தப்பட்ட வகையாக மாற்ற முடியும் என்கிறார்களே, அது பயனுள்ளதா?

முதல் பதில்

உங்கள் இரண்டாம் நிலையில் குறை இல்லை. அது தன் கடமையைச் செய்கிறது. 109இன் வால்வு காற்று பாயும் திசையிலேயே திறக்கும் வகையைச் சேர்ந்தது என்பதால், முதல் நிலை கசிந்து இடைநிலை அழுத்தம் உயரும்போது, ஸ்பிரிங்கின் விசையை அந்த அழுத்தம் வென்று வால்வைத் திறந்துவிடுகிறது. குழாய் வெடிக்காமல் காப்பது இந்தச் சீறல்தான். நீங்கள் ஆரிஃபிஸை இறுக்கியது காவலாளியின் வாயைப் பொத்தியது போன்றது. தயவுசெய்து அதை மீண்டும் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். திருகும்போதெல்லாம் பர்ஜ் பொத்தானை (வால்வைக் கையால் திறக்கும் பொத்தானை) அழுத்திப் பிடித்திருங்கள். இல்லையெனில் ஆரிஃபிஸின் விளிம்பு புதிய சீட்டை அறுத்துவிடும்.

அழுத்தம் மெல்ல ஏறுவதற்குக் காரணம் முதல் நிலையின் சீட்டும், அதன்மேல் வந்து அமரும் பிஸ்டனின் கூர்விளிம்பும்தான். பிஸ்டன் தண்டைச் சுற்றியுள்ள உயரழுத்த ஓ-ரிங் கசிந்திருந்தால், உடற்பகுதியின் பக்கத் துளைகள் வழியே நீரில் குமிழிகள் தெரிந்திருக்கும். இடைநிலை அழுத்தம் ஏறியிருக்காது. புதிய சீட்டு படிவதற்குச் சிறிது அவகாசம் தேவை என்பதும் உண்மை. பர்ஜ் பொத்தானை ஐம்பது முறையாவது அழுத்தி விட்டு, மீண்டும் அளந்து பாருங்கள். அப்போதும் ஏறினால் பிஸ்டனைக் கழற்றி, பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் விளிம்பைச் சுற்றிலும் பாருங்கள். மேசைமேல் ஒருமுறை விழுந்தாலே அந்த விளிம்பு பழுதாகிவிடும்.

இரண்டாவது பதில்

சமநிலைப்படுத்துவது குறித்து: 109ஐயும் அதன் வழிவந்த 156ஐயும் வேறுபடுத்துவது பெரும்பாலும் உள்ளிருக்கும் பாப்பெட்டும் (சீட்டைத் தாங்கி அசையும் வால்வுத் தண்டு), ஸ்பிரிங்கும், பாப்பெட்டின் பின்முனை அமரும் சமநிலை அறையுமே என்பதால், அவற்றை மாற்றினால் உங்கள் கருவி 156 ஆகிவிடும். புதிய பாப்பெட்டின் நடுவே துளை உண்டு. அதன் வழியாகச் செல்லும் காற்று பின்புறத்திலும் அழுத்துவதால், வால்வை மூடிவைக்க மென்மையான ஸ்பிரிங்கே போதும். சீட்டின்மேல் விழும் சுமை குறைகிறது. இடைநிலை அழுத்தம் சிறிது மாறினாலும் மூச்சிழுப்பின் எளிமை அவ்வளவாக மாறுவதில்லை. அந்தப் பித்தளை உடலுக்கு இதைவிடப் பொருத்தமான மேம்பாடு இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஆயினும் முதல் நிலை அசையாமல் நிற்கும்வரை இதைத் தொடாதீர்கள்.

ஒரு சொல் கூடுதலாக: ஓ-ரிங்கை எடுக்க எஃகு ஊசியைப் பயன்படுத்தியிருந்தால், அடுத்த முறை பித்தளையாலோ பிளாஸ்டிக்காலோ ஆன குச்சிக்கு மாறுங்கள். ஓ-ரிங் அமரும் பள்ளத்தில் விழும் கீறலை எந்தப் புதிய ஓ-ரிங்கும் சரிசெய்யாது.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் நன்றி. சீட்டைப் படியவைத்துப் பார்த்தும் அழுத்தம் 155 வரை ஏறியது. லென்ஸில் பார்த்தபோது விளிம்பின் ஓரிடத்தில் மிகச் சிறிய பள்ளம் தெரிந்தது. கழற்றிய அன்று பிஸ்டன் என் கையிலிருந்து நழுவியது நினைவுக்கு வந்தது. நுண்மையான உப்புத்தாளால் அதைத் தேய்த்துச் சமன்செய்யலாமா?

முதல் பதில் அளித்தவர்

சிலர் அப்படிச் செய்து வெற்றி பெற்றிருக்கிறார்கள். என் அறிவுரை, வேண்டாம் என்பதே. விளிம்பு முழு வட்டமாகவும் ஒரே தளத்திலும் இருந்தால்தான் சீட்டு அடைபடும். கையால் தேய்க்கும்போது இரண்டும் கெட வாய்ப்புண்டு. நல்ல நிலையில் உள்ள பிஸ்டனைத் தேடி வாங்குங்கள். அத்துடன் சீட்டையும் மீண்டும் மாற்றுங்கள்; பழுதான விளிம்பின் தடம் அதில் பதிந்திருக்கும். 135ஐ எட்டாவிட்டாலோ தாண்டினாலோ, ஸ்பிரிங்கின் கீழுள்ள மெல்லிய வளையங்களைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்யலாம்.

மூன்றாவது பதில்

நீங்கள் மாற்றியவற்றில் குழாய் இடம்பெறவில்லையே. பழைய ரப்பர் குழாய் வெளியே நன்றாகத் தோன்றினாலும், உலோக முனையோடு பிணைந்த இடத்தில் உள்ளுக்குள் இற்றுப்போயிருக்கும். ஆகவே அதை ஆராயாமலே மாற்றிவிடுங்கள்.

புதிய பிஸ்டன் அமர்ந்தபின், இடைநிலை அழுத்தம் பத்து நிமிடங்கள் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு உருளையை இணைக்காமல், முதல் நிலையின் நுழைவாயை மூடியால் அடைத்து, வாய்ப்பகுதியில் மெல்ல உறிஞ்சுங்கள். காற்று வந்தால் டயஃபிரமோ வெளிமூச்சு வால்வோ சரியாக அமரவில்லை என்று பொருள். நீருக்குள் அந்த வழியாகத்தான் தண்ணீர் நுழையும். இவற்றில் தேறிய பின்னரும், முதல் முழுக்கு நீச்சல்குளத்தின் ஆழம் குறைந்த பகுதியில், துணைக்கு ஒருவரோடு, நம்பகமான வேறொரு ரெகுலேட்டர் பொருத்திய தனி உருளை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது நடக்கட்டும்.