குன்னூர் பங்களாவில் கிடைத்த ராணி படம்: வெட்டிவிட்டு பிரேம் போடலாமா?

குன்னூர் மீனா:
சிம்ஸ் பார்க் பக்கம் ஒரு பழைய பங்களாவைக் காலி செய்து சாமான்களை விற்றபோது இதை வாங்கினேன். கறுப்பு வெள்ளைப் படம். படிக்கட்டின் மேல் விக்டோரியா ராணி, தரையில் புரளும் அங்கி, தலையில் சின்ன கிரீடம். முகமோ பள்ளிக்கூடப் பெண் மாதிரி, தோளும் திறந்திருக்கிறது. பாட்டியின் காசுமாலையில் இருக்கும் ராணி பெரிய மனுஷியாகத் தெரிவார். நாட்டை ஆள வந்தவரை எதற்கு இப்படிக் காட்டினார்கள்? கீழே ஷாலோன், கஸின்ஸ் என்று இரண்டு பெயர். ஓரமெல்லாம் பழுப்புப் புள்ளி, வெட்டிவிடலாமா?

உதகை பிரேம்கடை:
வெட்டாதீங்க அம்மா! அந்த ஓரத்தில்தான் படத்தின் ஜாதகமே இருக்கிறது. இடப்பக்கம் வரைந்தவர் பெயர், வலப்பக்கம் தகட்டில் செதுக்கியவர் பெயர். 1837-இல் 18 வயதில் பட்டத்துக்கு வந்தவர், ஜூலையில் முதல் தடவையாக பாராளுமன்றத்தில் பேசப் போன கோலம் இது. அம்மாவுக்குப் பரிசாகக் கொடுக்க ஷாலோனை வரையச் சொன்னார். அதை சாமுவேல் கஸின்ஸ் செதுக்கி, 1838 முடிசூட்டு நாளில் ஊருக்கெல்லாம் அச்சுப்படமாகப் போனது. வீட்டுப் படம் அரசாங்கப் படமாகிவிட்டது, பாருங்கள்.

கஸின்ஸ் செய்தது மெஸ்ஸோடின்ட் வேலை. முதலில் தகடு முழுக்கச் சொரசொரப்பாக்குவார்கள். அப்படியே மை தடவி அச்சடித்தால் ஒரே கறுப்புதான் விழும். வெளிச்சம் வேண்டிய இடத்தைச் சுரண்டித் தேய்க்க வேண்டும். அங்கியின் கறுப்பை விட்டுவைத்தாலே போதும், கனம் வந்துவிடும். கழுத்தும் தோளும் மழமழவென்று வரத்தான் கை வலிக்கும். என் கணக்கில் அதிகாரம் துணியில் இருக்கிறது, தேய்த்து வெளுத்த இடத்தில்தான் பெண் இருக்கிறார்.

கொடை தபால்தலை:
அண்ணே, மெஸ்ஸோடின்டில் ஆண்களின் முகத்தையும் தேய்த்துத்தானே எடுத்தார்கள்? இதே படத்தை நியூசிலாந்து 1855-இல் தபால்தலையாக்கியபோது படிக்கட்டும் போச்சு, அங்கியும் பெரும்பாலும் போச்சு. முகமும் கழுத்தும் கிரீடமும் மட்டுமே. அதுவே ராஜாங்க முத்திரையாக ஓடியது!

இன்னொன்று. 1840-இல் வந்த பென்னி பிளாக்கில், அதாவது உலகின் முதல் தபால்தலையில், ராணி தலையைப் போட்டதற்கு அழகு மட்டும் காரணமில்லை, கள்ள அச்சுப் பயமும்தான். தெரிந்த முகத்தில் ஒரு கோடு பிசகினாலும் கண் பிடித்துவிடும். அந்த முகம் 15 வயதில் எடுத்த சாயல். 81 வயதில் ராணி இறக்கும்வரை பிரிட்டன் தபால்தலைகளில் அந்த இளமை மாறவேயில்லை. காசில்தான் வயசு ஏறியது: 1893-இல் முக்காடு போட்ட முதிய முகம் வந்துவிட்டது. நம் ரூபாய்க்கு அதுவும் வரவில்லை. 1901 வரை கிரீடமும் பூவேலை ரவிக்கையுமாகவே இருந்தார். மீனாக்கா, பாட்டி மாலையில் இருப்பது அவராக இருக்கலாம்.

உதகை பிரேம்கடை:
தம்பி சொன்ன முகம் சரி, தோள் பாக்கி இருக்கிறதே! கள்ள அச்சுக்குப் பயந்தா தோளைத் திறந்தார்கள்?

அம்மா, படத்துக்கு வெளியே தாளைத் தடவிப் பாருங்கள். தகடு அழுந்திய பள்ளம் விரலில் பட்டால் நல்ல அடையாளம். புள்ளி நம் மலை ஈரத்தால் வந்தது. அமிலமில்லாத அட்டை வைத்து, கண்ணாடி தாளில் ஒட்டாமல் பிரேம் போடச் சொல்லுங்கள்.