இரை கக்குற வெங்கிணாந்தி: குளோரின் போட்டுக் கழுவினால் காணுமோ?

குளக்கட்டு:
வணக்கம். இடம் ஒட்டுசுட்டான் பக்கம். வனசீவராசிகள் திணைக்கள அனுமதியோட, காட்டில விடுறதுக்காக வெங்கிணாந்தி (மலைப்பாம்பு) பெருக்கிற கூடுகள். நாலு கிலோப் பெட்டை ஒண்டு எலி விழுங்கி நாலாம் நாள் கக்குது, ரெண்டு மாதமா இப்பிடித்தான். உடம்பின்ர நடுவில இறுக்கமான ஒரு திரட்சி. கூட்டைக் கிணத்துக்குப் போடுற குளோரின் தூளாலதான் கழுவுறம். பூச்சி மருந்து குடுக்கலாமோ? பக்கத்துக் கூட்டுக் குட்டிகளை விடுற காலமும் கிட்டுது.

வீரைமரம்:
குட்டி விடுறதை உடன நிப்பாட்டுங்கோ. கக்கலும் நடுத்திரட்சியும் சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் கிரிப்டோஸ்போரிடியம் சேர்பென்டிஸ் எண்ட கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி. இரைப்பைச் சுவரைத் தடிக்கவைக்கும். கைக்குப் படுற திரட்சி அதுதான். முழுசாக் குணமாக்கிற மருந்து இல்லை. பரோமோமைசின் எண்ட மருந்து சிஸ்ட் (ஒட்டுண்ணியின்ர முட்டை மாதிரியான வித்து) வெளியேறுறதைக் குறைக்கும், அவ்வளவுதான். பூச்சி மருந்துக்கு இது அசையாது.

குளோரினுக்கும் அசையாது, சிஸ்டின்ர தோடு அப்பிடி. கொதிதண்ணியை ஊத்தி ஊறவிட்டு, வெயிலில நல்லாக் காயவையுங்கோ. அஞ்சு வீத அமோனியாவும் வேலை செய்யும், ஆனா மணித்தியாலக்கணக்கா ஊற வேணும். குளோரினோட அமோனியா ஒருக்காலும் சேரக்கூடாது, நச்சு வாயு கிளம்பும். கூட்டுக்குள்ள கிடக்கிற மரக்கட்டை, சருகு எல்லாத்தையும் எரியுங்கோ.

கக்கின எலியில பிசுபிசுப்பாச் சளி ஒட்டியிருக்கும். அதைக் கண்ணாடித் தகட்டில மெல்லிசாப் பூசிக் காயவிட்டு, காசநோய்ச் சளிக்குப் பாவிக்கிற சிவப்புச் சாயம் போட்டுப் பார்க்கலாம். நிறம் கழுவுற அமிலம் மட்டும் மென்மையா, ஒரு வீதம் போல இருக்க வேணும். ஒரு பொறி இருக்கு: எலிக்கு வாற கிரிப்டோ பாம்பின்ர குடலால சும்மா கடந்துபோகும், அதுவும் சிவப்பாத்தான் தெரியும். இனத்தைப் பிரிச்சுச் சொல்ல பிசிஆர் எண்ட மரபணுச் சோதனை வேணும். இல்லை எண்டு ஒருக்கா வந்தாலும் நம்பாதேங்கோ, சிஸ்ட் விட்டுவிட்டுத்தான் வெளியேறும். மாதக்கணக்கில திருப்பித் திருப்பிப் பாருங்கோ.

வேலையைக் குட்டிகளில தொடங்கி நோய்ப் பெட்டையில முடியுங்கோ. அதுக்குத் தனி இடுக்கி, தனித் தண்ணிச் சட்டி. ஒண்டு தொடாமல் விட்ட எலியை அடுத்ததுக்குப் போடுற பழக்கம் இருந்தால் இண்டைக்கே விடுங்கோ. அதாலயும் பரவும்.

குளக்கட்டு:
நன்றி அண்ணை. ரெண்டு நட்சத்திர ஆமையும் அந்த அறையிலதான் நிக்குது. பெட்டையின்ர கண்ணைச் சுத்திக் கறுப்புப் புள்ளிகள், தண்ணிச் சட்டிக்கு அடியிலயும் கிடக்கு.

பாலியாறு:
ஆமையளை முதலில வெளிய எடுங்கோ. என்டமீபா இன்வாடென்ஸ் எண்ட அமீபா ஆமைக்கு ஒண்டும் செய்யாமல் குடலில கிடக்கும். பாம்புக்குப் போனால் ரத்தச் சளியாக் கழிச்சுச் சாகும்.

கறுப்புப் புள்ளி பாம்பு உண்ணி. நாடிக்குக் கீழ செதில் இடுக்கிலயும் பாருங்கோ. மலைப்பாம்பைத் தாக்கிற அரீனா வைரசையும் இது காவுது எண்டொரு சந்தேகம் இருக்கு, அதால சின்ன விசயமா எடுக்காதேங்கோ. கூட்டில வெறும் பேப்பர் விரிச்சு நாளாந்தம் மாத்துங்கோ. மிருக வைத்தியர் உண்ணிக்கு ஐவர்மெக்டின் எண்ட மருந்து எழுதினால் அளவு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், 14 நாளில திரும்ப. மாட்டு ஊசி மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம். உங்கட பெட்டைக்கு 0.08 மில்லிலீற்றர்தான் வரும். நூறு கிராம் குட்டிக்கு 0.002, ஐதாக்காமல் அளக்கவே ஏலாது. கூடிப்போனால் சாவுதான். ஆமைக்கு அந்த மருந்தே நஞ்சு.

வாயையும் திறந்து பாருங்கோ. தெளிஞ்ச சளி நிரம்பி, உள்வாய் சிவந்து, வாயைத் திறந்து மூச்சு விட்டால் நிடோவைரஸ் எண்ட மூச்சுநோய் வைரசா இருக்கலாம். அதுக்கும் மருந்தில்லை, வாய்ச் சளியில பிசிஆர் செய்ய வேணும்.

பல்லி, தேரை, கரப்பான் நுழையாத வலை அடியுங்கோ. ரயிலியட்டியெல்லா எண்ட நுரையீரல் ஒட்டுண்ணி அதுகளுக்குள்ள வளர்ந்துதான் பாம்புக்கு வரும். ஆசியாவில இருந்து பர்மிய மலைப்பாம்போட புளோரிடாவுக்குப் போய், இப்ப அங்கத்தைய பாம்புகளைக் கொல்லுது. கூட்டு நோய் காட்டுக்குப் போனால் திருப்பி எடுக்கேலாது.

பேராதனை மிருக வைத்திய பீடத்தோட முதலில கதைச்சுப்போட்டு மாதிரியை அனுப்புங்கோ. பிசிஆருக்கு எண்டால் 70 வீத எதனோலில போடுங்கோ. போர்மலினில போட்டால் மரபணு கெட்டுப்போகும்.