சத்தமில்லாத துவக்கு ரவை, வீட்டுக்குள் குறி பழகல்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கல்லாற்றுத் தம்பி:
2017இல் ஒஹாயோவில் இருக்கிற பெரியண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டுக்கு அடியில் நிலவறை, ஒரு முனையில் ரவையைப் பிடிக்கும் இரும்புப் பொறி, முன்னால் காகிதக் குறி. .22 துவக்கு. வெடிமருந்தே போடாத ரவை, துவக்கின் அடி பட்டதும் தீப்பற்றுகிற, ரவையின் அடியிலிருக்கும் தீக்கலவை மட்டும்தான் ஈயத்தைத் தள்ளும். கதவுத் தாழ்ப்பாள் விழுந்த அளவுதான் சத்தம். பத்துப் பதினைந்து வெடி வைத்திருப்போம். அப்புறம் ஒன்றுக்குக் காகிதத்தில் ஓட்டை விழவில்லை. "தவறிட்டு" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் கையை நீட்டினார். கை போனது பக்கத்திலிருந்த சாதாரண ரவைப் பெட்டிக்கு. "அண்ணா, பொறியிலயும் சத்தம் கேட்கல்லையே" என்றேன். துவக்கைத் திறந்து வெறுமையாக்கிவிட்டு, துப்புரவுக் கம்பியை வாய்ப்பக்கத்தால் விட்டுப் பார்த்தார். ஒரு சாண் போய் நின்றுவிட்டது. ஈயம் குழலுக்குள் இறுகிக் கிடந்தது. அதற்குப் பின்னால் மருந்துள்ள ரவை போயிருந்தால் குழல் வெடித்திருக்கும். நீளக் குழல் துவக்கில் போட வேண்டாம் என்று அந்தப் பெட்டியிலேயே எழுதியிருந்தது, நாங்கள் வாசிக்கவில்லை. அடுத்துச் சுடக் காத்து நின்றது அண்ணனின் மகள், 13 வயது. கம்பி நின்ற அந்த இடம் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

வெல்லாவெளி விவசாயி:
எங்களிடம் ரவை வாங்கிப் பழகுகிற வசதி எங்கே? பன்றிக் காவலுக்கு அனுமதியோடு அப்பா வைத்திருந்த 12 போர் துவக்கின் தோட்டாவை எண்ணித்தான் வைப்பார். மச்சான் ஒரு எயார் ரைபிள், காற்றின் அழுத்தத்தில் ஈயக்குண்டைத் தள்ளுகிற துவக்கு, கொண்டுவந்தார். கிணற்றுக்கட்டில் மீன் பேணியை வைத்துச் சுட்டோம். பேணியில் படாத ஒரு ஈயக்குண்டு சீமெந்தில் பட்டுத் திரும்பி, பக்கத்தில் நின்ற தம்பியின் கண்ணுக்குக் கீழே குத்தியது. முதலில் ஒரு வெள்ளைப் புள்ளி. பிறகுதான் அதில் இரத்தம் முத்துப்போலத் திரண்டது. அவன் அழவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். இன்னும் அரை அங்குலம் மேலே போயிருந்தால்?

அக்கரைப்பற்று காக்கா:
கல்லாற்றுத் தம்பி, குழல் வெடித்தே தீரும் என்று சொல்ல முடியாது. வீங்கியும் போகலாம், வெடிக்கவும் செய்யலாம். காரணத்தையும் சொல்ல வேண்டும்: தீக்கலவையின் வாயு கொஞ்சம், நீளக் குழலில் உரசல் அதிகம், பாதி வழியில் தள்ளுவிசை தீர்ந்துவிடும். இது புதுச் சாமானும் இல்லை. 1845இல் பிரான்சில் துவக்குச் செய்கிற ஃபுளோபேர் என்பவர் செய்தது இதே வேலைதான், தீக்கலவைக் குப்பியில் ஒரு சின்ன ஈயக்குண்டு. பணக்காரர்கள் விருந்தறைக்குள் நின்று சுட்டார்கள். வெல்லாவெளித் தம்பி, எயார் ரைபிளை இதோடு சேர்க்காதீர்கள், அதில் தீயே இல்லை. 10 மீட்டர் எயார் ரைபிள் 1984இலிருந்து ஒலிம்பிக்கிலும் இருக்கிறது. உங்கள் பிழை துவக்கில் இல்லை, பின்னால் இருந்த சீமெந்தில்.

என் கதை சின்னது. கட்டாரில் ஒரு சுடுகூடத்தில் இரண்டு வருடம் தரை கூட்டினேன். இரத்தத்தில் ஈயம் கூடியிருக்கிறது என்று டாக்டர் சொன்ன அன்று, வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஆகவே சொல்கிறேன்: பெரும்பாலான ரவைகளின் தீக்கலவையில் ஈயச் சேர்மம் இருக்கிறது. மருந்து இல்லாவிட்டாலும் அது இருக்கும். மூடிய அறையில் அந்தப் புகையும் தூசியும் எங்கே போகும்? உலர்ந்த தும்புத்தடியால் கூட்டாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். காற்று சுடுபவரின் முதுகுப் பக்கத்திலிருந்து குறிப் பக்கமாகப் போய் வெளியேற வேண்டும். அங்கே தின்னவோ குடிக்கவோ கூடாது. கையையும் முகத்தையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, உடுப்பை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். அந்த உடுப்பைத் தனியாகத் தோயுங்கள். கண்ணைக் காக்கிற கண்ணாடி போடாமல் எயார் ரைபிளைக்கூடத் தொடாதீர்கள். ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் காகிதத்தில் ஓட்டையைத் தேடுங்கள். ஓட்டை இல்லை என்றால் அன்றைக்குச் சுடுவதை அதோடு நிறுத்திவிடுங்கள்.

வெல்லாவெளி விவசாயி:
காக்கா, சீமெந்துப் பிழை என்று எனக்கும் தெரியும். தம்பியின் முகத்தைப் பார்த்தவன் நான்.

கல்லடி வாசகி:
எல்லோரும் சத்தம் சின்னது என்கிறீர்கள். பக்கத்து வளவில் பொடியன்கள் எயார் ரைபிளால் சிரட்டைக்குச் சுட்டார்கள். நான் முற்றத்தில் உடுப்பு காயப்போட்டுக்கொண்டு நின்றேன். அம்மா குசினியிலிருந்து ஓடிவந்து என் பிடரியைப் பிடித்து நிலத்தில் அமுக்கினா. எனக்கு 34 வயது. மண்ணில் முகம் பட்டுக் கிடக்கிறேன், அவவின் கை நடுங்குகிறது, அமுக்குகிற பலம் மட்டும் குறையவில்லை. பொடியன்களை நான் ஏசவில்லை. 1990இல் இங்கே மட்டக்களப்பில் நடந்த யுத்தம் அவர்களுக்குத் தெரியாது. அடுத்த நாள் அவர்களே வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்தார்கள். அவ ஒன்றும் பேசவில்லை, தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தா.

கல்லாற்றுத் தம்பி:
அக்கா, அன்றைக்கு அண்ணி மேலே சமையலறையில் இருந்தவ. அவவும் 1990இல் இங்கேதான் இருந்தவ. கீழே சுடப்போகிறோம் என்று நாங்கள் அவவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.