எலி கடிச்ச கேபிளும் உருண்டை நட்சத்திரமும்: உங்க கைடிங் அனுபவத்தையும் போடுங்க

லயத்துப்பையன், சுங்கை சிப்புட், மலேசியா

ரெண்டு மாசமா மனச அரிக்குது, இங்கயாவது கொட்டிடறேன்.

என்கிட்ட இருக்கறது சி8 (8 அங்குலத் தொலைநோக்கி), 0.63 ரெட்யூசர் (குவியத் தொலைவக் குறைக்கற லென்ஸ்), மேல ஒரு 50 மி.மீ. கைட் ஸ்கோப், அதாவது ஒரு நட்சத்திரத்தப் பாத்துக்கிட்டே மவுண்ட்ட (தொலைநோக்கியத் திருப்புற தாங்கி) திருத்தறதுக்கான குட்டித் தொலைநோக்கி. பி.எச்.டி.2 (கைடிங் மென்பொருள்) காட்டற பிழைக் கோடு அப்படியே தூங்கும், 0.7 ஆர்க்செகண்ட தாண்டாது. ஆனா 5 நிமிஷப் படத்துல நட்சத்திரம் பூரா நெல்லுமணி, எல்லாம் ஒரே பக்கமா நீண்டிருக்கும். சீயிங்தான்னு (காத்து மண்டல நடுக்கம்) நானே தீர்ப்பு எழுதி, செகண்ட்ஹேண்ட்ல ஒரு ஏ.ஓ. (அடாப்டிவ் ஆப்டிக்ஸ், நட்சத்திர ஆட்டத்த வேகமா திருத்தற கருவி) வாங்கிட்டேன். விலை கேக்காதீங்க, வீட்டுல படிப்பாங்க. ஓடுற மோட்டார் சைக்கிளே ஒண்ணு வாங்கியிருக்கலாம்.

போட்ட மொத ராத்திரியே உருண்டை. பாக்கற எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டேன்.

ஏப்ரல்ல ஒருநாள், எம்104 கேலக்சி உச்சிக்கு வந்துருச்சு, ஏ.ஓ. பேச்சு மூச்சில்ல. சிவப்பு டார்ச் அடிச்சுப் பாத்தா சீரியல் கேபிள எலி பாதிக்கு மேல தின்னுருக்கு. மூட்டை கட்ட மனசு வரல. சரி போகட்டும்னு ஏ.ஓ.வ கழட்டாமலே, அதே கைட் கேமராவ வெச்சு நேரா மவுண்ட்ட மட்டும் கைட் பண்ண விட்டேன். 5 நிமிஷம் கழிச்சுப் படம் வருது. உருண்டை. கடிபட்ட கேபிள் இன்னும் என் கையில தொங்குது.

அப்பத்தான் உறைச்சது. ஏ.ஓ. கூடவே ஒரு ஓ.ஏ.ஜி. (ஆஃப் ஆக்சிஸ் கைடர், பெரிய தொலைநோக்கிக்குள்ள வர்ற வெளிச்சத்துலயே கொஞ்சம் கைட் கேமராவுக்குத் திருப்பறது) ஒட்டிக்கிட்டு வந்துச்சு. அத மாட்டினப்போ கைட் ஸ்கோப்ப கழட்டிட்டேன். மண்டைய ஆட்டி ஆட்டிப் படத்தக் கெடுத்ததே அந்தக் கைட் ஸ்கோப்தான். ஓ.ஏ.ஜி. மட்டும்னா ஏ.ஓ.வ விட ரொம்பக் கம்மி விலைக்கே கெடைக்கும்.

அரிக்கறது காசு இல்ல. மே மாசம் புதுக் கேபிள் போட்டு ஏ.ஓ.வ, ஓ.ஏ.ஜி.யோட சேத்து, கோல கங்சார் பக்கத்துத் தம்பி ஒருத்தருக்கு வித்துட்டேன். அவரும் கைட் ஸ்கோப்தான் வெச்சிருக்கார், அவர் படமும் நெல்லுமணிதான். "இதப் போட்டா உருண்டையாயிடுமாண்ணே?"ன்னு கேட்டார். ஆயிடும்னு சொன்னேன். பொய்யும் இல்ல பாருங்க.

மேட்டு பங்களா

எலி கேபிளக் கடிச்சதுக்கு ஏ.ஓ.வ குத்தம் சொல்லாதீங்க தம்பி. என்கிட்ட 11 அங்குலம், மவுண்ட் பழசு. வெட்டுக்காட்டு மேட்டுல வெச்சிருக்கேன், ராத்திரி பத்துக்கு மேல காத்து பிச்சு எடுக்கும். நல்ல வெளிச்சமா 8ஆம் ஒளி அளவு நட்சத்திரம் ஒண்ணு மாட்டுச்சு, செகண்டுக்கு எட்டுத் தடவ திருத்தம் போகுது. ஏ.ஓ.வ அணைச்சா கோடு ரம்பப் பல்லு, போட்டா படுத்துடுது. நாலு தடவ அணைச்சு அணைச்சுப் பாத்தேன், சம்சாரத்த எழுப்பிக் காட்டினேன். அவங்க பாத்துட்டு "கரண்ட் பில்லு யாரு கட்றது"ன்னுட்டுப் போய்ட்டாங்க.

ஆனா பேரப் பாத்து ஏமாறக் கூடாது. நம்ம கையில இருக்கறது சாயுற கண்ணாடித் தட்டு, நட்சத்திரத்த இடம் வலம் மேல கீழ நகத்தும், அவ்வளவுதான். காத்து கசக்கின அலைய நேர் பண்றது வேற வித்தை. ஹோரஸ் பாப்காக்னு ஒரு அமெரிக்க வானியலாளர் 1953லயே அதுக்கு யோசனை சொல்லிட்டார். சிலியில இருக்கற வி.எல்.டி.யோட (வெரி லார்ஜ் டெலஸ்கோப்) நாலாவது தொலைநோக்கியில 1.1 மீட்டர் அகல வளையுற ஆடி, பின்னாடி 1170 உந்திகள், செகண்டுக்கு ஆயிரம் தடவ வரைக்கும் வளையும். நட்சத்திரம் இல்லாத எடத்துல லேசர் அடிச்சு 90 கிலோமீட்டர் உயரத்துல இருக்கற சோடியத்த மினுக்க வெச்சு, அதையே நட்சத்திரமா வெச்சுக்குவாங்க. நம்ம கைட் நட்சத்திரம் மங்கலா இருந்து 2 செகண்ட் எக்ஸ்போஷர் தேவைப்பட்டா, ஏ.ஓ. சும்மா கனமான ஒரு கண்ணாடித் துண்டு. அத மட்டும் ஒத்துக்கறேன்.

செம்பனை ரோடு

என் கதை சின்னது. போன பிப்ரவரி, செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) நடுவுல தோட்டத்து ரோட்டு ஓரமா காடிய நிறுத்திப் படம் எடுக்கறேன். குலை திருடுறவன்னு நெனச்சு ஜாகா (காவல்காரர்) வந்துட்டார், கையில பாராங் கத்தி. லாப்டாப்ல கைடிங் கோட்டப் பாத்துட்டு, "யாருக்கு ஆஸ்பத்திரி?"ன்னு கேட்டார். இதயத் துடிப்புன்னு நெனச்சிட்டாராம். பாராங்க கீழ வெச்சிட்டு பக்கத்துலயே குந்திட்டார். ஒரு கூர்முனை வந்தா "ஐயோ"ங்கறார், அடங்கினா மூச்சு விடறார். விடியக்காலை நாலு மணி வரைக்கும் அப்படியே. அவர்கிட்ட வியாழன் கோள் காட்டுறேன்னு சொன்னேன், அதுக்குள்ள மேகம் மூடிடுச்சு.

ஓய்வு வாத்தியார்

மூலக் காரணத்தை யாரும் பேசவில்லை. சுங்கை சிப்புட் ஏறத்தாழ 4.8 பாகை வட அட்சரேகை. துருவ நட்சத்திரம் செம்பனை மட்டைக்கும் கீழே கிடக்கும், அதை நம்பி மவுண்டை நேர்ப்படுத்த முடியாது. டிரிஃப்ட் முறை (நட்சத்திரம் எந்தப் பக்கம் நழுவுகிறது என்று பார்த்துத் திருத்துவது) போன்ற வேறு வழியில்தான் செய்ய வேண்டும். இவ்வளவு தாழ்வாகச் சாய்த்தால் எதிர் எடைத் தண்டு முக்காலிக் காலில் இடிக்கும். எனக்கு இடித்தது. அந்த "கிர்ர்ர்" சத்தம் இப்போதும் கனவில் வருகிறது. எழுந்து ஓடுவதற்குள் கியர் நழுவிவிட்டது.

அடுத்து, கணக்குப் போடுங்கள். பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து 206ஆல் பெருக்கி, குவியத் தொலைவு மில்லிமீட்டரால் வகுத்தால் ஒரு பிக்சலுக்கு எத்தனை ஆர்க்செகண்ட் என்று வரும். 200 மி.மீ. கைட் ஸ்கோப்பில் 3.75 மைக்ரான் கேமரா என்றால் சுமார் 3.9. ரெட்யூசர் போட்ட சி8இல் 3.76 மைக்ரான் கேமரா என்றால் 0.6. கைட் ஸ்கோப்பில் அரை பிக்சல் ஏமாற்றம், படத்தில் மூன்று பிக்சல். 20 செ.மீ. குழாயின் ஒரு முனை வெறும் 2 மைக்ரான் இறங்கினாலே 2 ஆர்க்செகண்ட் போய்விடும். நைலான் திருகை நம்பாதீர்கள், இரும்புத் திருகு போடுங்கள். போதாததற்கு சி8இன் முதன்மை ஆடி உள்ளேயே சற்று நகரும். அது ஓ.ஏ.ஜி.க்குத்தான் தெரியும், கைட் ஸ்கோப்புக்குத் தெரியவே தெரியாது.

ஓ.ஏ.ஜி. வாங்கினால் சிறிய சென்சார் கேமராவைப் போட்டு நட்சத்திரம் இல்லை என்று அழாதீர்கள். ஏ.எஸ்.ஐ.174 கேமராவின் சென்சார் 11.3க்கு 7.1 மி.மீ., அதற்குள் ஏதாவது ஒன்று விழும். ரெட்யூசரிலிருந்து படக் கேமராவின் சென்சார் வரை 105 மி.மீ. தூரம் காக்க வேண்டும், ஏ.ஓ.வையும் நுழைத்தால் அந்தக் கணக்கு நெருக்கும். கைட் எக்ஸ்போஷர் 2 முதல் 3 செகண்ட். அதைவிடக் குறைத்தால் காற்றின் நடுக்கத்தைத் துரத்திக்கொண்டிருப்பீர்கள். கிழக்குப் பக்கம் சற்றுக் கனமாக வையுங்கள். பனிக்கு ஹீட்டர் பட்டை கட்டுங்கள், கைட் ஸ்கோப்புக்கும் சேர்த்து.

செம்பனை ரோடு

ஐயா, ஹார்மானிக் கியர் மவுண்ட் (சீக்கிரம் சீக்கிரம் திருத்த வேண்டிய வகை) வெச்சிருக்கறவங்க 2 செகண்ட் போட்டா அவ்வளவுதான். எனக்கு 1 செகண்ட், சில ராத்திரி அரை. பொத்தாம்பொதுவா சொல்லாதீங்க. அப்பறம், லயத்துப்பையன் கேட்டது இதுவே இல்ல.

ஓய்வு வாத்தியார்

கேட்காததையும் சொல்வதுதான் வாத்தியார் வேலை. முப்பது வருடம் அதைத்தான் செய்தேன்.

கித்தாமரம்

எல்லாம் சரி, உங்க தோட்டத்துல ஆந்தைப் பெட்டி கெடையாதா? எங்க பக்கம் செம்பனைக்குள்ள வரிசையா கம்பம் நட்டு வெச்சிருக்காங்க, எலி கட்டுக்குள்ள இருக்கு. ஆந்தை ஒருதடவ என் டியூ ஷீல்டு (பனித் தடுப்புக் குழாய்) மேல உக்காந்து எச்சம் போட்டுச்சு, அது தனிக் கதை.

வித்தது தப்பில்லண்ணே. அவர் உருண்டை கேட்டார், உருண்டை கெடைக்கும்.

மேட்டு பங்களா

தப்புத்தான் லா. ஓ.ஏ.ஜி. மட்டும் போதும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தப் பையன் மிச்ச காசுல நல்ல கைட் கேமரா வாங்கியிருப்பான். ஏ.ஓ.வுக்கு வக்காலத்து வாங்கற நானே சொல்றேன்.

லயத்துப்பையன்

நேத்து ராத்திரி அவருக்கு எல்லாத்தையும் எழுதி அனுப்பிட்டேன், எலிக் கதையோட. வேணும்னா திருப்பிக் குடுங்க, ஓ.ஏ.ஜி.ய நீங்களே வெச்சுக்குங்கன்னும் போட்டேன். நீல டிக் விழுந்திருச்சு. இன்னும் பதில் வரல.