செண்டுப்பூச் சாயம் பச்சையடிக்கிறது, யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம். காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். அப்பத்தாவின் பழைய கண்டாங்கிச் சேலையில் இருக்கிற மஞ்சள்மேல் எனக்குத் தீராத ஆசை. வீட்டு விசேஷத்தில் மிஞ்சிய செண்டுப்பூ மாலைகளை உதிர்த்து, வளவில் நிழலில் காயவைத்து எடுத்தேன்.

பருத்தி நூல் 200 கிராம். கஞ்சி போக அலசி, ஓர் இரவு கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைத்து, அப்புறம் சாயம் பிடிக்க 40 கிராம் படிகாரத்தில் முக்கினேன். நூலின் எடைக்குச் சமமாகக் காய்ந்த பூ, ஒரு மணி நேரம் கொதி. ஈரத்தில் தங்கமாக இருந்த நூல், காய்ந்ததும் பாசிப்பச்சை! சிட்டத்தின் (நூல் கட்டின்) முடிச்சை அவிழ்த்தால் உள்ளே மட்டும் நான் கேட்ட அதே மஞ்சள்.

பாத்திரம் எவர்சில்வர்தான். அதனால் போர் தண்ணீர்மேல்தான் சந்தேகம். அதில் இரும்பு இருந்தால் கடுக்காயின் துவர்ப்போடு சேர்ந்து நிறத்தைக் கறுக்கடிக்கும். பிடித்துவைத்த மழைத்தண்ணீரில் செய்தால் சரியாகுமா? கடுக்காயையே விட்டுவிடலாம் என்றால், பட்டு நூலைப் போலப் பருத்தி படிகாரத்தைச் சுலபமாகப் பிடிக்காதே, சாயம் நிற்குமா? பருத்தியில் செய்து பார்த்தவர்கள் அளவோடு சொல்லுங்கள். இன்னும் அரைக் கூடை பூ இருக்கிறது, வீணாக்க மனமில்லை.