வேலை முடிந்ததும் உட்கார்ந்து யோசித்தபோது கிடைத்தது: மொரீசியஸ் நண்பர்களின் அனுபவங்கள்

தமிழாசிரியை, ரோஸ்ஹில்

இங்கே தொடக்கப்பள்ளியில் தமிழ் விருப்பப் பாடம்தான். பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து உருவான இந்தத் தீவின் பேச்சுமொழி. புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியை ஒருத்தி, "அக்கா, என்ன கேட்டாலும் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. வீட்டில் தமிழ் இல்லையே, என்ன செய்வது?" என்று வருத்தப்பட்டாள். அது உண்மைதான். ஆனால் அதோடு விட்டுவிட்டால் நாம் செய்வதற்கு ஒன்றுமே இருக்காது. தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொண்டு, பாடத்தைப் போனில் ஒலிப்பதிவு செய்யச் சொன்னேன். மாலையில் இருவரும் உட்கார்ந்து கேட்டோம்.

"இது என்ன நிறம்?" என்று கேட்கிறாள். ஒரு விநாடி கூட ஆகவில்லை, "சிவப்பு! எல்லாரும் சொல்லுங்கள், சிவப்பு!" என்று அவளே சொல்லிவிடுகிறாள். உடனே அடுத்த கேள்வி. கொஞ்ச நேரத்தில் பதிவை நிறுத்திவிட்டு, "பிள்ளைகளை யோசிக்கவே விடவில்லையே அக்கா" என்றாள். நான் வாய் திறக்கவில்லை. அவளாகக் கண்டுபிடித்ததால்தான் அது மனதில் தைத்தது.

அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் வகுப்புப் பதிவுகளைக் கேட்டு இதையேதான் கண்டார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் பொறுப்பது சுமார் ஒரு விநாடி. அதை மூன்று விநாடியாக்கினால் பதில்கள் நீள்கின்றன, கூடுதல் பிள்ளைகள் பேசுகிறார்கள்.

மறுநாள் அவள் முதுகுக்குப் பின்னால் விரல்விட்டு மூன்று எண்ணினாள். ஒரு பையன் "ரூஸ்" என்று கிரியோலில் சொன்னான். அவள் தடுக்கவில்லை. "ஆமாம், ரூஸ். தமிழில்?" என்று கேட்டுவிட்டு மறுபடி காத்திருந்தாள். பின் வரிசையிலிருந்து "சிவப்பு" வந்தது.

செய்து முடித்தபின் யோசிப்பது ஒன்று, செய்துகொண்டிருக்கும்போதே யோசித்து மாற்றிக்கொள்வது இன்னொன்று என்று அமெரிக்கச் சிந்தனையாளர் டொனால்ட் ஷோன் 1983-ல் பிரித்துக் காட்டினார். முதலாவது பழகாமல் இரண்டாவது கைவராது என்பது என் எண்ணம். அன்று மாலை அந்தப் பதிவைக் கேட்டிராவிட்டால் "ரூஸ்" என்றவனை அவள் திருத்தி உட்கார வைத்திருப்பாள்.

செவிலியர், கியூர்பிப்

டீச்சர் சொல்வது எங்கள் வேலைக்கும் பொருந்தும். செய்த வேலையைத் திரும்பிப் பார்ப்பதற்குக் கல்வியாளர் கிரஹாம் கிப்ஸ் 1988-ல் வகுத்த ஆறு படிகளைப் பயிற்சியில் படித்தோம்: நடந்தது என்ன, மனதில் பட்டது என்ன, எது சரி எது சரியில்லை, ஏன், வேறென்ன செய்திருக்கலாம், அடுத்த முறை என்ன. பலர் படிவத்தை நிரப்பினால் போதும் என்று எழுதுகிறார்கள். எனக்கு அது பெரிய வருத்தம்.

இந்தத் தீவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். அந்த நோயுள்ள ஒரு தாத்தாவின் பாதப் புண் ஆறவே இல்லை. மருந்து, கட்டு எல்லாம் முறைப்படிதான் நடந்தது. என் குறிப்புகளைத் திரும்பப் படித்தபோது ஒரு வரி திரும்பத் திரும்ப வந்தது: "புண்ணின் ஓரத்தில் தோல் தடித்திருக்கிறது." எங்கோ அழுத்தம் படுகிறது என்று அர்த்தம். ஆனால் ஆஸ்பத்திரிக்கு அவர் போட்டுவந்தது மெத்தென்ற செருப்பு.

"தாத்தா, தோட்டத்துக்கு என்ன போட்டுக்கொண்டு போவீர்கள்? அதையும் எடுத்து வாருங்கள்" என்றேன். கரும்புத் தோட்டத்து பூட்ஸ் வந்தது. உள்ளே கைவிட்டுப் பார்த்தால், புண் இருந்த அதே இடத்தில் தையல் பிரிந்து முண்டாக நின்றது. சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனதால் அவருக்கு அது உறைக்கவே இல்லை.

இப்போது கட்டுப் போடும் அறையில் எல்லாரிடமும் வேலைக்குப் போடும் காலணியையும் கொண்டுவரச் சொல்கிறோம்.